பழைய லேத்துக்கு மோட்டாரும் டிரைவும் வாங்கப் போகிறீர்களா? பெல்ட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்

என்னிடம் இருப்பது ஆறடி லேத், இரும்பைச் சுழற்றிக் கடைகிற இயந்திரம். கோன் புல்லி (பெல்ட்டை மாற்றிப் போடப் படிப்படியாக உள்ள சக்கரம்), பேக் கியர் (சுற்றைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பல்சக்கரம்), மரையில் ஏறி உட்காரும் சக் (கடையும் துண்டைப் பிடிக்கும் கவ்வி), எல்லாம் அந்தக் காலத்து அமைப்பு. மதுரை புதூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு பட்டறையை மூடியபோது வாங்கி, திருப்பரங்குன்றம் பக்கம் என் தகரக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். கொட்டகைக்குத் தனி கனெக்‌ஷன் உண்டு, ஆனால் சிங்கிள் பேஸ்தான். அதனால் இரண்டு எச்.பி. கெப்பாசிட்டர் மோட்டார் ஒன்றை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். போடும்போதெல்லாம் கொட்டகையில் லைட் ஒருமுறை மங்கும். போன சித்திரையில் ஒரு நாள், கரும்பு ஜூஸ் மெஷின் ரோலர் ஒன்றைக் கடைந்துகொண்டிருக்கும்போது மோட்டார் புகைந்து அடங்கியது.

அதற்கப்புறம் த்ரீ பேஸ் மோட்டாரும் டிரைவும் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) போட்டு ஓட்ட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள். லேத் ஓடினால் போதும், ஸ்பீடைக் கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை என்றால் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டி மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். கடையில் த்ரீ பேஸ் லைன் இருந்தால் 415 வோல்ட் டிரைவ் வாங்கி இருக்கிற த்ரீ பேஸ் மோட்டாரிலேயே மாட்டலாம், கீழே ஸ்டார், டெல்டா (மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் இரண்டு முறைகள்) என்று நான் புலம்புவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. சிங்கிள் பேஸ் லைனை வைத்துக்கொண்டு, ஸ்பீடும் கைக்கு அடங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது.

டிரைவ் என்று நாம் சொல்லும் வி.எஃப்.டி. செய்வது இதுதான்: 230 வோல்ட் சிங்கிள் பேஸை வாங்கி, உள்ளே டிசி ஆக்கி (சுமார் 325 வோல்ட் வரும்), அதை வெட்டி வெட்டி 230 வோல்ட் த்ரீ பேஸாக வெளியே தள்ளுகிறது. எத்தனை ஹெர்ட்ஸில் தள்ளுகிறதோ அதற்கேற்ப மோட்டார் சுற்றும். 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்றும் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் அதில் ஏறக்குறைய பாதி சுற்றும். ஒன்றைக் கவனியுங்கள், வருவது 230 வோல்ட் த்ரீ பேஸ், 415 இல்லை. நான் ஏமாந்ததே இந்த இடத்தில்தான், பிறகு சொல்கிறேன். எரிந்துபோன கெப்பாசிட்டர் மோட்டாருக்குக் காயில் கட்டி அதையே டிரைவில் மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். கெப்பாசிட்டரும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சும் ஸ்பீடு குறைந்தால் தாறுமாறாக வேலை செய்யும். மோட்டாரோ டிரைவோ ஒன்று போகும்.

இப்போது பெல்ட் விஷயம். டிரைவ் வந்துவிட்டதே, இனி கோன் புல்லி எதற்கு, பேக் கியர் எதற்கு, ஒரே புல்லியைப் போட்டுவிட்டுக் குமிழைத் திருகினால் போதாதா என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும் ஏன் கூடாது என்று.

இரண்டு எச்.பி. என்றால் 1.5 கிலோவாட். 1440 சுற்றில் அந்த மோட்டார் தரும் முறுக்கு விசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். டிரைவில் ஹெர்ட்ஸைக் குறைத்தால் இந்த 10 அப்படியே 10 ஆகத்தான் இருக்கும், கூடாது. சுற்று பாதியாகும்போது எச்.பி.யும் பாதியாகிவிடும், அவ்வளவுதான். பெல்ட்டிலோ கியரிலோ சுற்றைக் குறைத்தால் கதை வேறு. சுற்று எவ்வளவு குறைகிறதோ முறுக்கு அவ்வளவு ஏறும்.

என் லேத்தில் பெல்ட்டின் மூன்று படியிலும் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) சுற்று நிமிடத்துக்கு 200, 350, 600. பேக் கியர் ஆறுக்கு ஒன்று, அதைப் போட்டால் 33, 58, 100. நடுப்படியில் ஸ்பிண்டிலுக்கு 41 நியூட்டன் மீட்டர் வருகிறது, 200 சுற்றுப் படியில் 72. பேக் கியர் போட்டு 33 சுற்றில் 430க்கு மேல். இப்போது 150 மி.மீ. விட்டமுள்ள ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) துண்டைப் பிடித்து 2 மி.மீ. ஆழத்துக்குக் கட், சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடு (டூல் நகர்வது) கொடுத்தால் டூலில் விழும் விசை சுமார் 800லிருந்து 1000 நியூட்டன். ஆரம் 75 மி.மீ. என்பதால் தேவைப்படும் முறுக்கு 60லிருந்து 75. நடுப்படியில் விட்டுவிட்டு டிரைவில் 15 ஹெர்ட்ஸுக்கு இறக்கி இந்த வேலையைச் செய்யப் போனால் சக் நின்றுவிடும், டிரைவ் ஓவர்லோடு என்று கத்தும். பேக் கியரைப் போட்டால் மூச்சுக்கூட வாங்காமல் ஓடும்.

அதனால் பெல்ட்டும் பேக் கியரும் பலத்துக்கு, டிரைவ் சுற்றை நுணுக்கமாக அட்ஜஸ்ட் பண்ணுவதற்கு. நான் பெல்ட்டை நடுப்படியிலேயே விட்டிருக்கிறேன். 25லிருந்து 75 ஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் நேரடியாக 175லிருந்து 525, பேக் கியரில் 29லிருந்து 87. பத்து வேலையில் எட்டு வேலை இதற்குள் முடிந்துவிடும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் எம்.எஸ்.ஸை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைவதானால், 25 மி.மீ. ராடுக்கு ஏறத்தாழ 380 சுற்று வேண்டும், 100 மி.மீ. துண்டுக்கு 95. முன்பெல்லாம் 380க்கு 350ஐயும் 95க்கு 100ஐயும் வைத்து ஓட்டினோம், வேலை நடக்காமலா போனது? நடந்தது. ஆனால் ஃபேஸ் கட் (துண்டின் முகப்பைச் சமமாகச் சீவுவது) போகும்போது டூல் நடுவை நெருங்க நெருங்கக் குமிழைத் திருகிச் சுற்றைக் கூட்டுகிற சுகமும், மெல்லிய ஷாஃப்ட் அதிர்ந்து பாடத் தொடங்கும்போது நாலு ஹெர்ட்ஸ் குறைத்ததும் அது வாயை மூடுகிற சுகமும் பெல்ட்டில் கிடையாது.

மேலே 75 ஹெர்ட்ஸ் என்றேன். 50ஐத் தாண்டினால் டிரைவால் வோல்டேஜை மேலும் ஏற்ற முடியாது, அதனால் முறுக்கு குறைய ஆரம்பிக்கும். பாலிஷ், சின்ன விட்டம், இதற்குப் பரவாயில்லை. ஆனால் 600 படியில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு 75க்கு ஏற்றினால் ஸ்பிண்டில் 900 சுற்றும். கன்மெட்டல் புஷ்ஷில் ஓடும் பழைய ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) அதற்காகச் செய்யப்பட்டதல்ல. லேத் பிறந்தபோது என்ன உச்ச வேகமோ அதுதான் இன்றும் உச்சம்.

மோட்டாருக்கு வருவோம். ஆறடி லேத்துக்கு இரண்டு எச்.பி. தாராளம், நாலரை அடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை போதும். 1440 சுற்றுள்ள 4 போல் மோட்டாரை வாங்குங்கள். 2800 சுற்று மோட்டார் சின்னதாகக் கைக்கு அடக்கமாக இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள், ஆனால் புல்லி கணக்கெல்லாம் மாறிவிடும். 960 சுற்று மோட்டார் பழசில் நல்லதாகக் கிடைத்தால் விடாதீர்கள், கனமாக இருக்கும், மெதுவாக நிதானமாக இழுக்கும். அதைப் போலவே, லேத்தில் முன்பு 960 இருந்து நீங்கள் இப்போது 1440 மாட்டினால் எல்லா வேகமும் ஒன்றரை மடங்கு ஏறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. உடம்பு முழுக்க மூடி, பின்னால் விசிறி உள்ள மோட்டாராக இருக்கட்டும். பழைய திறந்த மோட்டாருக்குள் வார்ப்பிரும்புத் தூள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அளவு பார்க்காமல் வாங்கிவிட்டுத் தவிக்காதீர்கள். இப்போது வரும் மோட்டார்களில் ஒரு எச்.பி. 4 போல் பொதுவாக 80 ஃபிரேம், ஷாஃப்ட் 19 மி.மீ.; ஒன்றரையும் இரண்டும் 90 ஃபிரேம், ஷாஃப்ட் 24 மி.மீ., 8 மி.மீ. சாவி. ஃபிரேம் எண் என்பது கால் தரையிலிருந்து ஷாஃப்ட் நடு வரைக்குமான உயரம், மில்லிமீட்டரில். இரண்டு எச்.பி.க்குக் கால் ஓட்டைகள் குறுக்கே 140, நீளத்தில் 125 மி.மீ. இடைவெளியில் இருக்கும். பழைய மோட்டார் அங்குலக் கணக்கில் இருந்திருந்தால் புல்லி ஓட்டை ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இருக்கலாம், 24 மி.மீ. ஷாஃப்டில் அது லொடலொடவென்று ஆடும். இடையில் தகட்டைச் சுருட்டி வைப்பதெல்லாம் வேண்டாம், புதுப் புல்லியே வாங்கி ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். புல்லியைக் கடைய லேத் வேண்டும், லேத்தோ மோட்டார் இல்லாமல் படுத்துக் கிடக்கிறது. நான் பக்கத்துப் பட்டறையில் போய்க் கெஞ்சினேன்.

பழைய மோட்டார் வாங்குவதில் தப்பில்லை, நானும் அதைத்தான் வாங்கினேன். கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் கரகர என்றால் மாற்ற வேண்டும், அது பெரிய செலவில்லை. மல்டிமீட்டரில் மூன்று காயிலும் ஒரே ஓம்ஸ் காட்ட வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) காயிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் தொடவே தொடாதீர்கள்; நல்ல மோட்டார் அதைவிடப் பல மடங்கு காட்டும்.

இனி என் புலம்பல். நேம் பிளேட்டில் 230/400 என்று இரண்டு வோல்டேஜ் போட்டு, பக்கத்தில் முக்கோணமும் ஒய் எழுத்தும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் ஆறு போல்ட் இருக்கும். லிங்க் தகடுகள் மேல் வரிசையில் படுக்கையாக இருந்தால் ஸ்டார், மூன்று தகடும் செங்குத்தாக இருந்தால் டெல்டா. டெல்டாவுக்கு மாற்றினால் முடிந்தது. ஆனால் நம் ஊரில் பழசில் கிடைக்கும் சின்ன மோட்டார்களில் பலவற்றில் 415 வோல்ட், ஸ்டார் என்று மட்டும் இருக்கும். பாக்ஸில் மூன்றே ஒயர். நான் வாங்கியது அப்படிப்பட்டது. த்ரீ பேஸ் மோட்டார்தானே என்று அப்படியே டிரைவில் மாட்டினேன். சுற்றியது, சத்தமே இல்லாமல் அழகாகச் சுற்றியது. எனக்கு ஒரே சந்தோஷம். ராடு ஒன்றைப் பிடித்து 2 மி.மீ. கட் வைத்தேன், டூல் தொட்டதும் சக் நின்றுவிட்டது. ஒரு மி.மீ. வைத்தேன், முனகியது. 415க்குக் கட்டிய காயிலுக்கு 230 கொடுத்தால் அது தாங்கும் உச்ச முறுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எனக்கு இது தெரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் டிரைவில் உள்ள எல்லா செட்டிங்கையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவனியாபுரத்தில் காயில் கட்டுகிறவரிடம் போனேன். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். “தம்பி, ஸ்டாரை உள்ளுக்குள்ளேயே முடிச்சுப் போட்டுருக்கான்” என்றார். “ஆறு ஒயரா வெளியே எடுக்க முடியுமாண்ணே?” “வார்னிஷ் பழசு, பார்ப்போம். உடைஞ்சா என்னைச் சொல்லக் கூடாது.” காயிலின் தலைப்பைக் கட்டியிருந்த நூலைப் பிளேடால் மூன்று இடத்தில் மட்டும் வெட்டினார். ஹீட்டரைக் காட்டிக் காட்டி வார்னிஷை இளக்கி, மூங்கில் குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக விலக்கினார். உள்ளே கறுத்த ஸ்லீவ் ஒன்றுக்குள் மூன்று முனைகளும் சேர்த்து ஈயம் வைத்த ஒரு முடிச்சு, சுண்டக்காய் அளவு. அதை வெட்டி, மூன்றிலும் புது ஒயர் சேர்த்து, ஸ்லீவ் மாட்டி, நூலால் திரும்பக் கட்டி வெளியே எடுத்தார். எது எந்தக் காயிலின் ஆரம்பம், எது முடிவு என்று மீட்டர் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதி ஒட்டினார். ஒரு காயிலின் முடிவு அடுத்த காயிலின் ஆரம்பத்தோடு, இப்படி மூன்றும் வட்டமாகச் சேர்ந்தால் டெல்டா. 415ஐ 1.732ஆல் வகுத்தால் 240, கிட்டத்தட்ட நம் வீட்டு லைன் வோல்டேஜ். அன்று மாலை அதே ராடில் அதே 2 மி.மீ. கட். வெண்ணெய் மாதிரிப் போனது. மோட்டார் வாங்கும்போதே பாக்ஸைத் திறந்து ஒயரை எண்ணியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

டெல்டாவுக்கு மாற்றியதும் ஆம்பியரும் மாறும். ஸ்டாரில் 3.4 ஆம்பியர் என்று போட்டிருந்தால் டெல்டாவில் கிட்டத்தட்ட 6. டிரைவை எச்.பி. பார்த்து வாங்காமல் இந்த ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். 1.5 கிலோவாட் டிரைவ்கள் பெரும்பாலும் 7 ஆம்பியருக்கு மேல் தரும், போதும். ஆனால் பெரும்பாலான டிரைவின் முழு ரேட்டிங் சுற்றுப்புறம் 40 டிகிரி வரை என்றோ 50 வரை என்றோதான் இருக்கும், அக்னி நட்சத்திரத்தில் நம் தகரக் கொட்டகைக்குள், அதிலும் மூடிய பெட்டிக்குள், என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் 2.2 கிலோவாட் டிரைவ் வாங்கினேன். டெல்டா (இது கம்பெனிப் பெயர்), ஷ்னைடர், யாஸ்காவா என்று தெரிந்த பெயராக, மேனுவல் கையில் கிடைக்கிறதாக இருக்கட்டும். பேரில்லாத டிரைவ் பாதி விலைக்குக் கிடைக்கும், அதன் மேனுவலைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த சித்திரை வந்துவிடும். பழைய 415 வோல்ட் டிரைவ் மலிவாக வருகிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், 230இல் அது லோ வோல்டேஜ் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளும். ‘சென்சர்லெஸ் வெக்டர்’ வசதி இருந்தால் நல்லது, குறைந்த சுற்றில் இழுவை நன்றாக இருக்கும்.

ஒயரிங்கில் நாலைந்து விஷயம். லைன் ஆர், எஸ் என்றோ எல்1, எல்2 என்றோ போட்ட இடத்தில், மோட்டார் யு, வி, டபிள்யூவில். மாற்றிக் கொடுத்தால் போடும் நொடியிலேயே டிரைவ் செத்துவிடும். இரண்டு எச்.பி. முழு லோடில் லைனிலிருந்து 15 ஆம்பியர் வரை இழுக்கும். 4 ஸ்கொயர் எம்எம் ஒயரும் தனி எம்சிபியும் போடுங்கள், இருக்கிற பிளக் பாயிண்டில் செருகாதீர்கள். எர்த் நன்றாக இருக்க வேண்டும், மோட்டார் பாடி, லேத் பெட், டிரைவ் மூன்றுக்கும். வீட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) சில நேரம் காரணமில்லாமல் விழும், டிரைவின் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கசிவது அதன் இயல்பு; அதற்காக எர்த்தைக் கழற்றிவிடுகிற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கிறேன், உயிரோடு விளையாடுகிற வேலை அது. டிரைவுக்கென்று வரும் ஆர்சிசிபி வகையை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் போடுங்கள். டிரைவைத் திறக்க வேண்டுமென்றால் லைனை அணைத்துப் பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்து திறங்கள், உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும்.

லேத்தில் இருக்கும் பழைய ஃபார்வேர்டு ரிவர்ஸ் சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கக் கூடாது. ஓட்டத்தில் அதைத் திருப்பினால் டிரைவ் போய்விடும். மோட்டார் ஒயரை டிரைவிலிருந்து நேராகக் கொண்டுபோய்விட்டு, அந்த சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு மாற்றுங்கள், கை பழகிய இடத்திலேயே லீவர் இருக்கும். குமிழுக்கு 5 கே அல்லது 10 கே பொட்டென்ஷியோமீட்டர், எது என்று மேனுவல் சொல்லும். பெட்டியைச் சக் தெறிக்கும் பக்கமாக வைக்காமல், தலை உயரத்தில், சுருளும் வார்ப்பிரும்புத் தூளும் போகாத இடத்தில் வையுங்கள். அந்தத் தூள் கரண்டைக் கடத்தும்.

செட்டிங்கில் முதலில் மோட்டார் நேம் பிளேட்டில் உள்ளதைக் கொடுங்கள்: வோல்டேஜ் 230, 50 ஹெர்ட்ஸ், டெல்டா ஆம்பியர், சுற்று. ஆட்டோ டியூனிங் (டிரைவ் தானே மோட்டாரை அளந்துகொள்வது) இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள் (பெல்ட்டைக் கழற்றச் சொல்வது இந்த ஒரு தடவைதான்). குறைந்தபட்சம் 20 ஹெர்ட்ஸ் வையுங்கள். அதற்குக் கீழே மோட்டாரின் சொந்த விசிறியே மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியேறாது. ஏறும் நேரம் 4 விநாடி, இறங்கும் நேரமும் அதே அளவு. இறங்கும் நேரத்தை அரை விநாடிக்குக் குறைத்துச் சட்டென்று நிறுத்தும் ஆசை வரும், பெரிய சக் இருந்தால் ஓவர் வோல்டேஜ் என்று டிரிப் ஆகும். அதற்கு பிரேக் ரெசிஸ்டர் விற்கிறார்கள், ஆனால் மரையில் ஏறும் சக் உள்ள லேத்தில் தயவுசெய்து வேண்டாம். ஸ்பிண்டில் சட்டென்று நின்றால் கனமான சக் நிற்காமல் தன் மரையிலிருந்து கழன்று வரும். ரிவர்ஸில் கட் எடுத்தாலும் அதே ஆபத்துதான்.

இன்னொரு செட்டிங்கை நான் ஒரு பயத்துக்கப்புறம்தான் தேடிப் பிடித்தேன். ஒரு மதியம் கரண்ட் போனது. லீவர் ஃபார்வேர்டிலேயே இருந்ததைக் கவனிக்காமல், சரி, சும்மா இருக்கிற நேரத்தில் வேலையை மாற்றுவோம் என்று சக் சாவியைப் போட்டுத் திருகி ராடைக் கழற்றினேன். சாவியை எடுத்துக் கீழே வைத்துத் திரும்புகிறேன், கரண்ட் வந்து சக் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. பழைய மோட்டாரும் இப்படித்தான் செய்யும், ஆனால் டிரைவில் இதைத் தடுக்க வழி உண்டு: கரண்ட் திரும்பும்போது ரன் சிக்னல் ஏற்கெனவே ஆனில் இருந்தால் கிளம்பாதே, லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி போட்டால்தான் கிளம்பு என்று வைக்கலாம். மேனுவலில் அதைத் தேடி, போட்டு, மெயினை அணைத்துப் போட்டு இரண்டு தடவை சோதித்துவிட்டுத்தான் முதல் வேலையைப் பிடிக்க வேண்டும். கூடவே கையெட்டும் தூரத்தில் சிவப்புக் காளான் சுவிட்ச் ஒன்று.

முதல் வாரம் மோட்டார் மேல் அடிக்கடி கை வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடியபின் சூடாக இருப்பது சரி, கை வைக்கவே முடியாத சூடு என்றால் நீங்கள் பேக் கியர் போட வேண்டிய வேலையைக் குமிழில் செய்துகொண்டிருக்கிறீர்கள். எரிந்த பழைய மோட்டாரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் அதற்குக் காயில் கட்டி, மேலூரில் மாவு மில் வைத்திருக்கும் என் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன், சல்லடைக்கு ஓட்டுகிறான்.